13,000 வெள்ளிக்கு ஓட்ட ஜாலியான பழைய கார்: நியோவா, மைவியா, வேறு ஏதாவதா?

பிறைப்பையன்:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. எனக்கு வயது 21, பினாங்கில் பிறையில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன், வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில், டெக்னிஷியன், 12 மணி நேர ஷிஃப்ட். இரண்டு வருடமாக மோட்டார் சைக்கிளில்தான் பாலம் தாண்டுகிறேன். வெயில் பரவாயில்லை. மழையும் காற்றும் சேர்ந்து நடுப்பாலத்தில் பிடித்துக்கொண்டால்தான் கஷ்டம், பக்கத்தில் லோரி கடக்கும்போதெல்லாம் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. போன மாதம் நைட் ஷிஃப்ட் முடிந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றதைப் பார்த்து அம்மாவே "போதும், ஒரு காரை வாங்கித் தொலை" என்று சொல்லிவிட்டார்.

கையில் 13,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. மொத்தப் பணமே அவ்வளவுதான், இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ், டயர் எல்லாம் இதற்குள். லோன் வேண்டாம், இந்த வயதுக் கார்களுக்கு பேங்க் லோன் கிடைப்பதும் கஷ்டம் என்கிறார்கள்.

அப்பா 26 வருடமாக லோரி ஓட்டுகிறார். அவரிடம் கேட்டால் ஒரே பதில், பெரோடுவா விவா ஆட்டோ, வெள்ளை நிறம், முடிந்தது. கார் என்றால் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் என்பார். எனக்கு அப்படி இல்லை. சின்ன வயதில் எங்கள் குடியிருப்புத் தாமானில் ஒரு அண்ணன் சிவப்பு புரோட்டோன் சத்ரியா நியோ வைத்திருந்தார், அவர் மூலையில் திரும்பும் சத்தம் கேட்டே நான் வாசலுக்கு ஓடி வருவேன். மேனுவல்தான் வேண்டும். பேய் வேகம் வேண்டாம், ஓட்டும்போது நான்தான் ஓட்டுகிறேன் என்று தெரிந்தால் போதும். லீவு நாளில் தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு அந்த மலைப்பாதையில் போய் ஒரு லக்சா சாப்பிட்டு வர வேண்டும், ஆசை அதுதான்.

இந்தப் பணத்தில் நியோ வாங்கினால் தாங்குமா? பெரோடுவாவின் கெலிசா, பழைய மைவி எல்லாம் பார்க்கலாமா? கார் லைசன் எடுத்து ஏழு மாதம்தான் ஆகிறது, இன்னும் புது டிரைவர்கள் ஒட்டுகிற பி ஸ்டிக்கர்.


செந்தூல் நியோ:

தம்பி, நான் 2011 நியோ சிபிஎஸ் மேனுவலை ஏழு வருடமாக வைத்திருக்கிறேன், அதனால் நான் சொல்வதில் பாசம் கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படி.

நியோ வந்தது 2006-இல். அப்போது லோட்டஸ் புரோட்டோன் கையில் இருந்தது, காரின் ஓட்டத்தைச் செதுக்கியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. பின்சக்கரத்துக்கு மல்டிலிங்க் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ஹைட்ராலிக். இந்த விலையில் இப்படி ஒன்று கிடைப்பதே பெரிய விஷயம். வளைவில் போகும்போது முன்சக்கரம் எதன் மேல் ஏறுகிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும், இப்போது வரும் கார்களில் அது குறைவு. ரேலியில் அலிஸ்டர் மெக்ரே 2011-இல் ஆசிய பசிபிக் பட்டம் வென்றதும் நியோவில்தான். அந்தக் காருக்கும் நம் காருக்கும் கூடு மட்டும்தான் ஒன்று, இருந்தாலும் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது இல்லையா.

இப்போது குறைகள். இதில் இருக்கிற புரோட்டோனின் 1.6 கேம்ப்ரோ எஞ்சினில் இரண்டு வகை உண்டு. முதலில் வந்தது 110 குதிரை, 2009-இல் நியோவுக்கு வந்த சிபிஎஸ் 125 குதிரை. முதல் வகையில் 3,000 ஆர்பிஎம் பக்கம் இழுவை கொஞ்சம் சோர்ந்து போய் மறுபடி எழும், எல்லாருக்கும் தெரிந்த கதைதான் இது. சிட்டியில் மூன்றாம் கியரில் ஓவர்டேக் எடுக்கும்போது அது எரிச்சலாக இருக்கும், ஒரு கியர் இறக்கிப் பழகிக்கொண்டால் சரியாகிவிடும். சிபிஎஸ்ஸில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் விலை கூடும். உன் பணத்துக்குச் சுத்தமான சிபிஎஸ் மேனுவல் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

கதவு இரண்டுதான், பின் சீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிற கார் இது இல்லை, வீட்டில் முதலிலேயே சொல்லிவிடு. டைமிங் பெல்ட் எஞ்சின். பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்துவிடும், அப்புறம் மேல் எஞ்சினைத் திறக்க வேண்டியதுதான். விற்பவர் "இப்பதான் மாத்துனேன் பாஸ்" என்று சத்தியம் செய்தாலும், பில் காட்டவில்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்று.

இன்னொன்று, நியோ வாங்கியவர்களில் பாதிப் பேர் உன் வயதில் வாங்கியவர்கள். வெட்டின ஸ்பிரிங், பெரிய எக்ஸாஸ்ட், எங்கேயோ இழுத்த வயரிங். ஒன்றும் செய்யாத நியோ தேடினால் நாக்குத் தள்ளும். ஆனால் அதைத்தான் தேட வேண்டும். கையில் 13,000 இருந்தால் 9,500-க்கு மேல் கார் விலை போகக்கூடாது, மீதி கண்டிப்பாகச் செலவாகும்.


லெஃப்ட்லேன்:

மைவி வாங்கு தம்பி. இந்த நாட்டிலேயே வேகமான கார் எது என்று ஹைவேயில் போகிற எந்த பிஎம்டபிள்யூ காரனையும் கேட்டுப் பார், கண்ணாடியில் பார்த்தபடியே சொல்வான்.


குட்டிக்கெலிசா:

நான் கோலாலம்பூர், செகாம்புட். 24 வயதில் கெலிசா மேனுவல் வாங்கினேன், இப்போது 29, இன்னும் அதைத்தான் ஓட்டுகிறேன். 989 சிசி, மூன்று சிலிண்டர், ரோட் டாக்ஸ் வருடத்துக்கு 20 வெள்ளி. 60-இல் போகும்போது 100-இல் போகிற மாதிரி இருக்கும், சந்தோஷமும் அதுதான், ஆபத்தும் அதுதான். உனக்கு நான் கெலிசா சொல்ல மாட்டேன். 2001-இலிருந்து 2007 வரைக்கும் வந்த கார், இப்போது அதைச் சேர்த்து வைக்கிறவர்கள் கூடிவிட்டார்கள், நல்ல நிலையில் இருப்பதற்குக் கேட்கிற விலையைக் கேட்டால் சிரிப்பு வரும். மலிவாகக் கிடைப்பது உள்ளே துரு பிடித்ததாக இருக்கும். தினமும் பாலம், அதுவும் காற்று, அதுவும் நைட் ஷிஃப்ட் முடித்த தூக்கக் கண். அவ்வளவு லேசான கார் வேண்டாம்.

டோலையும் கணக்கில் வை. மோட்டாருக்கு 2019-இலிருந்து பாலத்தில் டோல் இல்லை, காருக்கு உண்டு. தீவுக்குப் போகும்போது மட்டும்தான் எடுப்பார்கள், இருந்தாலும் மாதம் இருபது நாள் என்றால் ஒரு தொகை ஆகிவிடும், அதோடு பெட்ரோலும்.

அப்புறம் ஒரு கேள்வி, யாரும் கேட்கவில்லையே என்று பார்க்கிறேன். உன் லைசன் டியா, டிஏயா?


பிறைப்பையன்:

ஏன் அக்கா?


குட்டிக்கெலிசா:

எடுத்துப் பார் தம்பி.


பிறைப்பையன்:

பார்த்தேன்.

டிஏ.

ஆட்டோ மட்டும் ஓட்டுகிற லைசன். டிரைவிங் ஸ்கூலில் "ஆட்டோ எடுத்தால் சீக்கிரம் பாஸ் ஆகலாம்" என்று சொன்னார்கள், அம்மாவும் சரி என்றார், நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதமாக மேனுவல் நியோ விளம்பரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவை கூட இது மண்டையில் ஏறவில்லை.


லெஃப்ட்லேன்:

😂😂😂 அடப்பாவி


குட்டிக்கெலிசா:

சிரிக்காதீர்கள், என் தங்கையும் இதே மாதிரி மாட்டினாள். டிஏ வைத்துக்கொண்டு மேனுவல் ஓட்டினால் அந்த வகைக்கு லைசன் இல்லாமல் ஓட்டுவது மாதிரிதான். மோதிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதே லைசனைத்தான். ஸ்கூலுக்குத் திரும்பப் போய் மேனுவலில் கிளாஸ் எடுத்து ஓட்டிக் காட்டி டியாக மாற்றிக்கொள்ளலாம். செலவு ஆகும், ஆனால் கியர் பழகாமல் முதல் நாளே பாலத்து ஏற்றத்தில் போய் நின்று எஞ்சின் அணைந்து பின்னால் நூறு பேர் ஹாரன் அடிப்பதைவிட நல்லது.


ஸ்பேனர் மாமா:

தம்பி, நான் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வொர்க்‌ஷாப்பு வைத்திருக்கிறேன், 30 வருடமாக இதே கைதான் கறுப்பு. மேலே எல்லாரும் எந்த மாடல் என்று பேசுகிறார்கள். இந்த விலையில் மாடல் பார்த்து வாங்கக்கூடாது, முன்னாடி வைத்திருந்த ஆளைப் பார்த்து வாங்க வேண்டும். நல்ல ஆள் வைத்திருந்த பழைய புரோட்டோன் விரா, நாசமாக்கின நியோவைவிட ஓட்ட ஜாலியாக இருக்கும். 15 வருடக் காடிக்குள் புதுசாக அப்சோர்பர், நல்ல டயர், புஷ்ஷிங் போட்டு எலைன்மெண்ட் செய்து ஓட்டிப் பார், அப்புறம் பேசு.

காடி பார்க்கப் போகும்போது காலையில் போ, முதல் நாளே "நான் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லிவிடு. போனவுடன் பானெட் மேல் கை வை. சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம், சூடான எஞ்சின் எல்லாம் நல்ல பிள்ளை மாதிரிதான் ஸ்டார்ட் ஆகும். ஆறின எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திற, ஆயில் ஊற்றும் மூடியையும் திற. எதிலாவது தே தாரேக், அதாவது பால் டீ, மாதிரி ஒரு கலவை ஒட்டியிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டது, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. ஸ்டார்ட் பண்ணிப் பின்னால் நின்று பார். நீலப் புகை என்றால் ஆயில் குடிக்கிறது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் பரவாயில்லை, போகாமல் ஒரு இனிப்பு வாடை வந்தால் கேஸ்கட்டைச் சந்தேகப்படு. அப்புறம் ஏர்கோனைப் போட்டு இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடு, டெம்பரேச்சர் முள் நகர்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா பார். பாதிப் பேர் இந்த இருபது நிமிடம் பொறுக்க மாட்டார்கள், விற்பவருக்கும் அது தெரியும்.

மேனுவல் என்றால் கிளட்ச். மூன்றாம் கியரில் 40-இல் போய் ஆக்சிலேட்டரை முழுதாக மிதி. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கர்ர் என்றால் கியர் பாக்ஸ் உள்ளே தேய்ந்துவிட்டது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகச் சுற்று, டக் டக் என்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட். இதெல்லாம் விலை பேசக் கிடைக்கிற விஷயம், பயப்பட ஒன்றும் இல்லை.

பயப்பட வேண்டியது இரண்டு. ஒன்று வெள்ளத்தில் மூழ்கின காடி. 2017 நவம்பரில் நம் பினாங்கு மூழ்கியது, 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் மூழ்கியது, அந்தக் காடியெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறாய்? கழுவித் துடைத்து யாரோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சீட் பெல்ட்டை முடிவு வரைக்கும் இழுத்துப் பார், அடியில் மண் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்க்ரூ துரு பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். கார்ப்பெட்டைத் தூக்கி மூக்கை வை. வாசனை திரவம் நாலு பாட்டில் தொங்கினால் இன்னும் நன்றாக மூக்கை வை.

இரண்டாவது, வெட்டி ஒட்டின காடி. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. கதவு ரப்பரை இழுத்துவிட்டு உள்ளே பார், கம்பெனியில் போட்ட ஸ்பாட் வெல்டிங் வரிசையாக வட்ட வட்டமாக இருக்கும். ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் இல்லை என்றாலோ, புட்டி பூசி மொழுக்கென்று இருந்தாலோ, விடு. கண்ணாடிகளின் மூலையில் இருக்கிற குறியையும் பார், எல்லாம் ஒரே வருடமாக இருந்தால் நல்லது, ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஏன் என்று கேள். பெயர் மாற்ற புஸ்பாகோம் மாதிரி வாகனச் சோதனை மையத்தில் பி5 என்கிற சோதனை செய்ய வேண்டும், சாசி நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் அது முடிந்ததால் காடி நல்ல காடி என்று நினைக்காதே. உன் கிளட்ச் எவ்வளவு மிச்சம் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

டயரில் நாலு எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. டயர்ப் பூ தேயாமல் நன்றாக இருக்கிறது என்று காட்டுவார்கள், பத்து வருடப் பழைய டயர் மழையில் சோப்பு மாதிரி. பாலத்தில் போகிற உனக்கு இதுதான் முதல் செலவு.

மாடல் சொல்லியே ஆக வேண்டும் என்றால் முதல் தலைமுறை மைவி 1.3 மேனுவல். ஒரு டன் கூட எடை இல்லை, டைமிங் செயின், பெல்ட் கவலை கிடையாது, பழைய அவான்சா 1.3-இல் இருக்கிற அதே எஞ்சின் குடும்பம், அதனால் பொருள் எந்தச் சந்துக் கடையிலும் கிடைக்கும். இந்த ஜாமில் தினமும் போகிறவனுக்குக் கிளட்சும் லேசு.


செந்தூல் நியோ:

மாமா சொல்வதில் எதையும் மறுக்க முடியாது, ஆனால் மைவி உயரமான கார், வளைவில் சாயும், ஸ்டீயரிங்கில் ஒரு சேதியும் வராது. தம்பி கேட்டது ஜாலியான கார்.


ஸ்பேனர் மாமா:

ஏழு மாத லைசனுக்கு சாய்கிற காடிதான் நல்லது தம்பி. எங்கே நிறுத்த வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லும். நியோ சொல்லாது, பிடித்துக்கொண்டே போகும், விடும்போது ஒரேயடியாக விடும்.


செந்தூல் நியோ:

... சரி, அது உண்மைதான். உலு யாம் மலைப்பாதையில் ஒரு தடவை எனக்கே விட்டது. டிவைடர் இல்லாத இடம், எதிரே யாரும் வரவில்லை. அதற்கு மேல் எழுதவில்லை, என் மனைவியும் இதைப் படிப்பார்.


பாலிசி அக்கா:

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட், எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், யாருக்கும் விற்க வரவில்லை. தம்பி பட்ஜெட் போட்டதில் இன்சூரன்ஸைச் சின்னதாக நினைத்திருக்கிற மாதிரி தெரிகிறது.

முதல் காரா? அப்படியென்றால் என்சிடி, அதாவது கிளெய்ம் போடாதவருக்குக் கிடைக்கிற கழிவு, பூஜ்யம். அப்பாவுக்கு 55 விழுக்காடு இருந்தாலும் அது அப்பாவுடையது, உனக்கு வராது. நிறைய வீட்டில் அப்பா பெயரில் கார் போட்டுக்கொள்வார்கள். நான் உன் பெயரிலேயே போடு என்பேன், ஏனென்றால் கிளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினால் 25, அடுத்தது 30, அப்புறம் 38.33, 45, 55 என்று ஏறும். 26 வயதில் நீ உண்மையாகவே ஆசைப்படுகிற கார் வாங்கும்போது அந்த 55 உன் கையில் இருக்கும், அப்போது அது பெரிய பணம். சின்ன இடிக்கெல்லாம் கிளெய்ம் போட்டு அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

பி லைசன் வைத்திருக்கிறவர் ஓட்டி இடித்துக் கிளெய்ம் போட்டால் முதல் 400 வெள்ளி உன் கையிலிருந்து போகும், கட்டாய எக்சஸ் என்பார்கள். 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கும், பாலிசியில் பெயர் போடாதவர் ஓட்டினாலும் அதேதான். வெள்ளம் சாதாரண ஃபுல் கவரில் சேராது, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும், பிறையில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கார் ரொம்பப் பழசு என்றால் ஃபுல் கவர் கொடுக்கத் தயங்குவார்கள், அதனால் பணம் கொடுக்கும் முன்னால் பிளேட் நம்பரை வைத்து விலை கேட்டுவிடு.

எஞ்சின் பெரிதாகப் போனால் ரோட் டாக்ஸும் ஏறும். 1.3 என்றால் 70 வெள்ளி, 1.6 வரைக்கும் 90. அதைத் தாண்டினால்தான் கணக்கே மாறும், 200-இல் ஆரம்பித்து சிசிக்குச் சிசி கூடும்.

கடைசியாக, "சம்போங் பாயார்" என்று விளம்பரம் வரும், இன்னொருவர் லோனை நீ தொடர்ந்து கட்டுவது, மாதம் முன்னூறு கட்டு, சாவி உன்னுடையது என்பார்கள். வாங்காதே. பேங்க் லோன் இருக்கிற காரை அப்படிக் கைமாற்றுவது 1967 ஹயர் பர்ச்சேஸ் சட்டப்படி குற்றம், காரின் உரிமைப் பத்திரமான கெரானில் உன் பெயர் வரவே வராது, நீ ஒழுங்காகக் கட்டினாலும் அந்த ஆள் பேங்குக்குக் கட்டாமல் விட்டால் ஒரு நாள் காலையில் வாசலில் கார் இருக்காது. என்னிடம் வந்து அழுதவர்கள் கணக்கில்லை. பி ஸ்டிக்கரோடு சாலைக் குற்றங்களுக்குப் போடுகிற கெஜாரா புள்ளி 10 சேர்ந்தால் லைசன் ரத்து, இதையும் ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்.


பிறைப்பையன்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

டிரைவிங் ஸ்கூலில் மேனுவலுக்குப் பதிந்துவிட்டேன். அதற்கிடையில் சுங்கை பட்டாணியில் ஒரு நியோ, சிவப்பு, 9,000 வெள்ளி. எனக்கு லைசன் இல்லாததால் ஓட்டிப் பார்க்க அப்பாவைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் விவா பற்றியே பேசிக்கொண்டு வந்தார். போய்ச் சேர்ந்தால் பானெட் சூடு! மாமா சொன்னது காதில் கேட்டது. ஸ்டார்ட் பண்ணினால் அருமையான சத்தம், அப்படியே எங்கள் தாமான் அண்ணன் கார் சத்தம், கை காலெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, உண்மையைச் சொன்னால் அந்த நிமிடத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பேன். அப்பா ஒன்றும் பேசாமல் பின் சீட்டுப் பக்கம் குனிந்து கார்ப்பெட்டைக் கையால் அழுத்தினார். கையைக் காட்டினார், ஈரம். நேற்று மழை கூட இல்லை. கதவு ரப்பரை நான் இழுத்துப் பார்த்தேன், இடது பக்கம் வட்டங்கள் இருந்தன, வலது பக்கம் மொழுக். விற்றவர் "அதெல்லாம் சும்மா, சின்ன கெத்தோக்" என்றார், ஒடுங்கின இடத்தைத் தட்டிச் சரி செய்ததாம். அப்பா "சரிங்க தம்பி, யோசிச்சுச் சொல்றோம்" என்றார், அந்தக் குரலை எனக்குத் தெரியும், கடையில் பேரம் படியாமல் கிளம்பும்போது வருகிற குரல்.

திரும்பி வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, சிரிக்காதீர்கள். தாசேக் குளுகோர் தாண்டியதும் அப்பாவே பேச்சை எடுத்தார். "காடி கெட்டது, ஆனா ஸ்டீயரிங் நல்லா இருக்குடா" என்றார்.


செந்தூல் நியோ:

அப்பா நம் ஆள்தான் போலிருக்கிறது. விட்டது நல்லது தம்பி, ஒட்டின காரில் 110-இல் போகும்போது எது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. நான் நல்ல நியோவுக்கு ஐந்து மாதம் அலைந்தேன், அவசரப்படாதே.


ஸ்பேனர் மாமா:

கூலிமில் என் பழைய கஸ்டமர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஓட்டுவதில்லை. மைவி 1.3 மேனுவல், 2010. பத்து வருடமாக நான்தான் ஆயில் மாற்றுகிறேன். கேட்கிற விலை 9,500. நான் தரகு எடுக்க மாட்டேன், வேண்டுமானால் போய்ப் பார். சிவப்பு இல்லை, சாம்பல் நிறம், பின் பம்பரில் ஒரு கீறல், அவர் வீட்டுப் பூந்தொட்டி போட்டது.


குட்டிக்கெலிசா:

பார்க்கும்போது ஏர்பேக், ஏபிஎஸ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள், அந்தக் காலத்து மைவி எல்லாவற்றிலும் இருக்காது. அம்மாவுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.


பிறைப்பையன்:

வாங்கிவிட்டேன்.

இரண்டும் இருக்கிறது அக்கா, அம்மாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். ஆசிரியர் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார், 2010-இலிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றமும், கிலோமீட்டரோடு, நீல மையில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு இடத்தில் "மகளின் திருமணம், கார் கழுவப்பட்டது" என்று கூட இருக்கிறது. கார்ப்பெட் காய்ந்திருந்தது, எஞ்சின் ஆறியிருந்தது, வட்டங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்தன. 8,800-க்கு முடிந்தது. இன்சூரன்ஸ் 1,050, ரோட் டாக்ஸ் 70, டயர் நாலும் 720, மாமா கடையில் ஆயில், கியர் ஆயில், பிளக், பிரேக் பேட் எல்லாம் 480, முன் அப்சோர்பர் மவுண்டிங் 350. பெயர் மாற்றுகிற சில்லறைச் செலவெல்லாம் போகக் கையில் 1,400 சொச்சம் மீதம், அதில் மேனுவல் கிளாஸுக்குக் கட்ட வேண்டும்.

கூலிமிலிருந்து அப்பாதான் ஓட்டி வந்தார். நான் பக்கத்தில். இரண்டாம் கியரில் ஒரு ரவுண்டபவுட்டில் கொஞ்சம் வேகமாகவே திரும்பினார், மாமா சொன்ன மாதிரி கார் சாய்ந்தது, நான் கைப்பிடியைப் பிடித்தேன், அப்பா சிரித்தார். அப்புறம் தேவையே இல்லாமல் அந்த ரவுண்டபவுட்டை இன்னொரு சுற்று சுற்றினார். பட்டர்வொர்த் கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியதும் அவர்தான்.

பிரச்சினை என்னவென்றால், எனக்கு டெஸ்ட் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, நான் இன்னும் மோட்டாரில்தான் பாலம் தாண்டுகிறேன். அப்பா நேற்று பால் வாங்க மைவியை எடுத்துக்கொண்டு போனார். கடை எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். பால் இல்லை.


லெஃப்ட்லேன்:

சொன்னேன் இல்லையா, மைவி.


செந்தூல் நியோ:

ரவுண்டபவுட்டை இரண்டு தடவை சுற்றினாரா? முடிந்தது. டெஸ்ட் பாஸ் ஆனதும் சாவி உனக்குக் கிடைக்கும் என்று நம்பாதே, அவருக்குத் தனியாக ஒரு விவா பார்த்து வை.


பாலிசி அக்கா:

வாழ்த்துகள் தம்பி. பாலிசியில் அப்பா பெயரைப் போட்டாயா?


பிறைப்பையன்:

இல்லையே அக்கா.

இதோ ஏஜென்டுக்குப் போன் போடுகிறேன். அப்பா இப்போதும் வெளியில்தான் இருக்கிறார், பெட்ரோல் போடப் போவதாகச் சொன்னார்.